சுனை பார்க்கப் போனவன்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் கையில் கொடுத்துவிட்டு, "கல்யாண மாப்பிள்ளை எப்ப வாராரு?" என்று கேட்டார். அடுத்த வியாழக்கிழமை என்று சொன்னேன். நீ சுகமாக இருப்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது. நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. இந்தக் கடிதத்தை அணைக்கட்டுக் கொட்டகையில் நாலு பேர் நடுவில் பிரித்திருந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள். வேலை முடிந்ததும் தனியாக உட்கார்ந்து படி. பாதியில் கோபம் வரும். வந்தாலும் கடைசிவரை படித்துவிடு.

கல்யாணத்துக்கு முன்னால் நீயும் காந்திமதியும் கன்னிமார் மலை ஏற வேண்டும் என்று குறி சொல்லும் கோடாங்கி சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை ஏற வேண்டும், முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது, உச்சியில் ஏழு கற்களின் முன்னால் அவள் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அப்போதுதான் அப்பனைக் காவு வாங்கிய தோஷம் கழியும். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை அப்பா. ஆனால் அவள் மனசு ஆறுமென்றால் ஒரு நாள் பட்டினி கிடப்பதில் என்ன வந்துவிடும்? நீங்களும் வர வேண்டும். முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதீர்கள். நானே கைபிடித்துக் கூட்டிப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசு உனக்கு. அது உன் அம்மாவிடமிருந்து வந்தது. என்னிடம் அது இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நேற்றுகூடக் கிணற்றுக்குள் இறங்கி ஊற்றில் தூர் வாரிவிட்டு ஏறி வந்தேன். நான் வரமாட்டேன். நீங்கள் இருவரும் போகவும் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் மூன்று நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊருக்கு மேற்கே நிற்கும் அந்த மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் நீ. ஆனால் ஏறியதில்லை. நீ பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த வருஷத்தோடு ஊர் அதில் ஏறுவதை நிறுத்திவிட்டது. சிறுமலை மாதிரி வாழையும் மிளகும் விளைகிற மலை இல்லை அது. அடிவாரத்தில் உடைமுள்ளும் ஆவாரையும் இருக்கும், பாதிக்கு மேல் கள்ளி, அதற்கும் மேலே வெறும் பாறைதான். நிழலென்று ஒதுங்க மூன்று இடம்கூடக் கிடையாது. நடையாக நடந்தால் உச்சிக்கு நாலு மணி நேரம். அங்கே நின்றால் கிழக்கே திண்டுக்கல் கோட்டைப் பாறை தெரியும், அதற்கும் பின்னால் சிறுமலையும் அதன் தலையில் எந்நேரமும் நமக்கு இறங்காத மேகமும் தெரியும். உச்சியில் ஏழு கற்கள், ஏழு கன்னிமார். கற்களுக்குப் பின்னால் பாறைக் குழியில் ஒரு சுனை. எந்தக் கோடையிலும் அது வற்றியதாக யாரும் சொன்னதில்லை.

மழை பொய்த்தால் ஏழு ஆண்கள் ஏறிப் போய் அந்தச் சுனையில் ஒரு குடம் மொண்டு வந்து நம் குளத்தில் ஊற்றுவார்கள். அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. முந்தின நாள் மாலையிலிருந்து அன்னம் தண்ணீர் கூடாது. போகும்போது யாரும் தண்ணீர் கொண்டு போகக் கூடாது, அது கன்னிமார் முகத்துக்கு நேரே "உங்களிடம் தண்ணீர் இருக்காது" என்று சொல்வதற்குச் சமம். மனைவி பிள்ளைத்தாச்சியாக இருப்பவன் ஏறக் கூடாது. இதையெல்லாம் கேட்டால் ஊர் புத்தியில்லாமல் நடந்துகொண்டது என்று நினைப்பாய். அப்படி இல்லை. எட்டு நாளைக்கு முன்னால் ஒருவன் மட்டும் தனியாக ஏறிச் சுனையைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்றும் ஒரு வழக்கம் இருந்தது. அவன் மட்டும் தண்ணீர் கொண்டு போகலாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அவன் பார்த்து "தண்ணீர் கிடக்கிறது" என்றால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். ஏழு உயிரையும் அந்த ஒருவன் வாயில்தான் கட்டி வைத்திருந்தார்கள். அந்த வேலை நம் வீட்டுக்கு உரியது. என் அப்பா செய்தார், அவருக்குப் பிறகு நான். நம் வீட்டு ஆள் சொன்னால் அதற்கு மேல் யாரும் சாட்சி கேட்கமாட்டார்கள்.

உனக்கு அப்போது ஐந்து வயது. தொடர்ந்து மூன்றாவது வருஷமாக மழை இல்லை. மாடுகளுக்குக் கள்ளியை முள் பொசுக்கிப் போட்டோம். பிறகு போட மாடுகள் இல்லை. அந்த வருஷம் மலையிலிருந்த குரங்குகளெல்லாம் ஒரே நாளில் கீழே இறங்கி வந்தன. ரெட்டியார்சத்திரம் ரோட்டுப் புளியமரங்களில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. கத்தவில்லை, குதிக்கவில்லை, போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தன. குட்டியைச் சுமந்த ஒரு பெண் குரங்கு நம் தொட்டிக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே படுத்துக்கொண்டது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுகளே எறங்கி வந்துருச்சே, மேல என்னத்த இருக்கும்?" என்றாள். உனக்குக் குரங்கைப் பார்த்து ஒரே சந்தோஷம், கை தட்டினாய். நான் உன் அம்மாவிடம் வாயை மூடு என்றேன். அவள் சொன்னது எனக்கும் தோன்றியிருந்தது, அதுதான் கோபம்.

இரண்டு நாள் கழித்து நான் சுனை பார்க்கப் போனேன். சோளக் கஞ்சி குடித்துவிட்டு, சுரைக்குடுக்கையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு விடியலில் கிளம்பினேன். கள்ளிக்காடு தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் ஏற ஏற என்னவோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று விளங்கச் செத்த நேரம் ஆயிற்று. சத்தமே இல்லை. ஒரு குருவி இல்லை, ஒரு ஓணான் ஓடவில்லை. பாறை விளிம்பில் தொங்குகிற தேன்கூடுகள் கறுத்துக் காய்ந்து கிடந்தன, ஈ ஒன்றும் இல்லை. வழுக்குப்பாறை என்று ஒரு இடம் உண்டு, உச்சிக்கு அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேர ஏற்றம். அதன் அடியில் நின்றேன். பாறை தோசைக்கல் மாதிரி கொதித்தது. செருப்பு வார் அறுந்துவிட்டது. குடுக்கையை ஆட்டிப் பார்த்தேன், பாதிதான் இருந்தது. மேலே வானத்தில் இரண்டு கழுகுகள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பாறைக்கு மேலே ஏறினால் நான் திரும்பமாட்டேன் என்று உறுதியாகத் தோன்றியது. என் அப்பா காலத்தில் வற்றாத சுனை இப்போதா வற்றப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பாறை நிழலில் படுத்துக் கிடந்து, போய்வர ஆகிற நேரம் ஆனதும் இறங்கினேன். நேரக் கணக்குப் பார்த்து இறங்கினேன் பார், அங்கேதான் பயந்தவன் போய்ப் பொய்யன் வந்தான்.

மந்தைத் திடலில் ஊரே நின்றது. நாட்டாமை, "சுனை எப்பிடிப்பா இருக்கு?" என்றார்.

"கிடக்கு" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவர், "எம்புட்டுக் கிடக்கு?" என்று கேட்டார்.

"முழங்கால் அளவு."

பெண்கள் குலவை போட்டார்கள். உன் அம்மாவும் சேர்ந்து போட்டாள், என்னைப் பெருமையாகப் பார்த்தாள். பார்க்காத தண்ணீருக்கு அளவு சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் யாராவது ஒருவன் சந்தேகப்பட்டு இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம் என்றிருப்பான். அளவு சொன்னதும் எல்லோர் மனசிலும் தண்ணீர் வந்துவிட்டது. உன் வேலையே அளப்பதுதான். டேப்பைப் பிடித்து அளந்து புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாய், அந்த எண்ணை நம்பி யாரோ சுவர் கட்டுகிறார்கள். நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பயம் உண்டு. அளக்காததை அளக்கவில்லை என்று சொல். மேலதிகாரி திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டு தூங்கலாம், என் மாதிரி இருந்துகொண்டு தூங்க முடியாது.

ஏழு பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆள் குறைந்தால் ஏற முடியாது. நான் நேரே உன் மாமன் முத்தையா வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. கத்தரிக்காய் மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு திண்டுக்கல் சந்தைக்குப் போவான், திரும்பும்போது உனக்குப் பொரிகடலை இல்லாமல் வரமாட்டான். உன்னைத் தோளிலிருந்து இறக்க மாட்டான். உனக்கு அவன் முகம் நினைவிருக்காது. காந்திமதி சிரிக்கும்போது கீழே பார்ப்பாளே, அது அப்படியே அவன்தான். "வாரியா மாப்ளே?" என்று கேட்டேன். அவன் மனைவி ராமாயி உள்ளே இருந்தாள். என்னை வேலிக்கு வெளியே கூட்டி வந்து காதோடு சொன்னான்: "மச்சான், அவ முழுகாம இருக்கா. மூணு மாசம். நான் ஏறக் கூடாதுல்ல." சங்கடமும் சந்தோஷமுமாகச் சொன்னான். ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மூணு மாசம்தானே, யாருக்குத் தெரியப் போகுது. நான் கூட இருக்கேன், வா." அவன் என்னை மறுத்துப் பேசியதே இல்லை.

வெள்ளிக்கிழமை கோழி கூப்பிடக் கிளம்பினோம். அடிவாரத்தில் ஒரு எல்லைக்கல் உண்டு, அதைத் தாண்டினால் கட்டுப்பாடு. அங்கே முத்தையாவின் இடுப்பு வேட்டிக்குள் ஏதோ புடைத்திருந்ததைப் பார்த்தேன். சின்னச் சுரைக்குடுக்கை. ராமாயி கட்டிக் கொடுத்திருக்கிறாள், கன்னிமாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று. மற்ற ஐந்து பேரும் பார்த்துவிட்டார்கள். என்னையே பார்த்தார்கள், சுனை பார்த்தவன் நான்தானே. இருக்கட்டும் விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன், மேலே தண்ணீர் இல்லையா என்று கேட்பார்கள். "கொட்டிரு மாப்ளே" என்றேன். அவன் ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு குடுக்கையைக் கவிழ்த்தான். அந்த மண் எப்படி உறிஞ்சியது என்று பார்த்தேன். ஈரம்கூட நிற்கவில்லை.

ஏறும்போது அவன்தான் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தான். வழுக்குப்பாறையில் கை கொடுத்து எல்லோரையும் தூக்கிவிட்டான். நான் முதல் தடவையாக ஏறுகிறவனைப் போல ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தேன், யாரும் கவனிக்கவில்லை. உச்சிக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. ஏழு கற்களையும் கும்பிட்டுவிட்டு நாட்டாமை மகன் குடத்தோடு சுனைப் பக்கம் போனான். போனவன் கூப்பிடவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தோம். குழியின் அடியில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்கு நடுவில் ஒரு உடும்பு செத்துக் காய்ந்து கிடந்தது. நெடுநாள் ஆகியிருக்க வேண்டும், வெறும் தோல்தான். அதைப் பார்த்த யாரும் நான் பொய் சொன்னேன் என்று நினைக்கவில்லை தம்பி. நம் ஊர் ஆட்கள் அப்படி. எட்டு நாளில் கன்னிமார் சுனையைக் குடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு, "நம்மள்ல எவனோ தீட்டோட வந்துருக்கான்" என்றான். முத்தையா சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். பாறை கீழேயும் சுட்டது, மேலேயும் சுட்டது. ஒருவன் கள்ளிப்பழம் பறித்துத் தின்று நாக்கெல்லாம் முள்ளாகிக் கதறினான். வழுக்குப்பாறைக்குக் கீழே வந்ததும் முத்தையா உட்கார்ந்துவிட்டான். தொட்டுப் பார்த்தேன், உடம்பு நெருப்பாக இருந்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. மற்றவர்களைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன். அவர்களே தள்ளாடிக்கொண்டுதான் போனார்கள். நான் அன்று ஒளிந்து படுத்திருந்த அதே பாறை நிழலில் அவனைப் படுக்க வைத்து, என் துண்டால் விசிறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் வண்டி மாட்டை ஓட்டுகிற மாதிரி நாக்கைத் தட்டினான். சந்தைக்குப் போகிற நினைப்பு. பிறகு தெளிந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மச்சான், நீ பாக்கையில முழங்கால் அளவு கிடந்துச்சா?"

அவனும் நானும் மட்டும்தான். கேட்க வேறு யாரும் இல்லை. அப்போதுகூட நான், "கிடந்துச்சு மாப்ளே" என்றேன்.

"அப்ப என்னாலதான். அவ இப்பிடி இருக்கையில நான் வந்துருக்கக் கூடாது. அவகிட்டச் சொல்லிறாத."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. தண்ணீரோடு ஆட்கள் வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. என் மடியில்தான் கிடந்தான். அவன் வாயில் ஊற்றிய தண்ணீர் கடைவாயில் வழிந்தது. ஒரு சொல்லில் அவனை அந்தப் பாரத்தோடு சாகவிடாமல் இருந்திருக்கலாம். என் பொய்யைவிட, குடுக்கையைவிட, அந்த ஒரு பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். ராமாயிக்கு வயிறு தெரிந்ததும் ஊர் மாதத்தை எண்ணிப் பார்த்துவிட்டது. பிள்ளைத்தாச்சி புருஷன் மலையேறினான், கன்னிமார் சுனையை வற்ற வைத்து அவனையும் எடுத்துக்கொண்டார்கள் என்று கண் காது மூக்கு வைத்துப் பேசினார்கள். காந்திமதி பிறக்கும் முன்பே அவளுக்குச் சுனை குடித்த பிள்ளை என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அவள் வளர்ந்தபோது நீயும் பார்த்திருக்கிறாய். சடங்கு வீட்டில் அவளை ஆரத்தித் தட்டைத் தொட விடமாட்டார்கள். மழை தள்ளிப்போனால் பெண்கள் அவள் வீட்டுப் பக்கம் பார்ப்பார்கள். எட்டு வயதில் ஒரு நாள் அவள் என்னிடம் வந்து, "மாமா, சுனைத் தண்ணிய நான் எப்பிடிக் குடிச்சேன்?" என்று கேட்டாள். விளையாட்டாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அவளுக்குக் கடையில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். ராமாயி வருஷா வருஷம் அவன் திதியன்று ஒரே கேள்வியைக் கேட்பாள்: "நான் குடுத்த தண்ணியக் குடிச்சாராண்ணே?" வருஷா வருஷம் நான் "குடிச்சான் தங்கச்சி" என்று சொல்லி வந்திருக்கிறேன்.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சாமலே பாய்ச்சிவிட்டேன் என்று சொன்னாய். உன்னை முருங்கைக் கம்பால் அடித்தேன். அம்மா குறுக்கே விழுந்து தடுத்தும் விடவில்லை. உன் முழங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. நாலு கத்தரிச் செடிக்காக ஒரு மனிதன் பெற்ற பிள்ளையை அப்படி அடிப்பானா என்று ஊர் கேட்டது. நான் உன்னை அடிக்கவில்லை அப்பு. உன் வாயிலிருந்து என் குரல் வந்தது, அதை அடித்தேன். மன்னித்துக்கொள் என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன். உன் அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது, தம்பி சாகையில் என்ன சொன்னான் என்று கேட்டாள். "உன்னையத்தான் கேட்டான்" என்றேன். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அவளிடமும் சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

நீ காந்திமதியைத்தான் கட்டுவேன் என்றபோது ஊர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. யாரும் எடுக்காத பெண்ணை எடுக்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்கிறார்கள். ராமாயி என் காலில் விழுந்தாள். நான் பின்னால் நகர்ந்தேன், அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். இந்த வருஷமும் மழை இல்லை. போன வாரம் ரோட்டுப் புளியமரத்தில் குரங்குகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதுவரை நேற்று எழுதி நிறுத்தியிருந்தேன். நீ வியாழக்கிழமை வந்ததும் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டு பிறகு மற்றவர்களிடம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். உனக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்ற நினைப்புத்தான், வேறொன்றும் இல்லை. இன்று காலையில் காந்திமதி எனக்குக் கம்பங்கூழும் தொட்டுக்கொள்ள வெஞ்சனமாகச் சுண்டவற்றலும் கொண்டு வந்தாள். உதடு வெடித்திருந்தது. பேசும்போது நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே இருந்தாள். "என்ன தாயி, காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. மூணு நாளா பகல்ல தண்ணி குடிக்கல. பழகிக்கிறேன். மலையில பாதியில விழுந்துட்டா அதுவும் என் தோசம்னு சொல்லுவாங்க."

கூழைக் கீழே வைத்தேன். முதலில் ஒரு செம்பு தண்ணீரை அவள் கையில் கொடுத்து, என் கண் முன்னால் குடிக்கச் சொன்னேன். குடித்தாள். பிறகு உட்காரச் சொல்லி, உனக்கு எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். வழுக்குப்பாறையிலேயே திரும்பியதைச் சொன்னேன், முழங்கால் அளவைச் சொன்னேன், அவள் அப்பாவை நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன் என்பதையும் சொன்னேன். குடுக்கையைக் கவிழ்க்கச் சொன்னதையும் மறைக்கவில்லை. சுனை எட்டு நாளில் வற்றவில்லை, அதற்கும் வெகு முன்பே காய்ந்துவிட்டது, அவள் உண்டாவதற்கும் முன்பே காய்ந்திருக்கும் என்று சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அழுவாள் என்று பார்த்தேன். அவள் கையிலிருந்த காலிச் செம்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் இல்லையா மாமா?" என்று கேட்டாள்.

"நீ இல்ல தாயி. நான்."

அவள் மறுபடியும் அதையே கேட்டாள், காது கேளாதவள் மாதிரி. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை கேட்கவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க ஊருக்குச் சொல்லுங்க" என்றாள். கூழ்ச் சட்டியை எடுக்காமலே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மந்தையில் ஊரைக் கூட்டச் சொல்லி நாட்டாமையிடம் சொல்லிவிட்டேன். என்ன விஷயம் என்று கேட்டார். கல்யாண விஷயம் என்று நினைத்துச் சிரித்தார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன், அதனால் வேண்டாம் என்று தந்தி கொடுக்க நினைக்காதே. கல்யாணம் நடக்குமா என்று என்னைக் கேட்காதே. இத்தனை நாளும் நீ அவளுக்கு வாழ்வு கொடுக்கப் போகிறாய் என்று ஊர் பேசியது. இப்போது அந்தப் பேச்சு முடிந்தது. இந்த வீட்டுக்குள் கால் வைப்பதா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு சொல் எதிர்த்துப் பேசாதே. பத்திரிகை அடிக்க இன்னும் கொடுக்கவில்லை, அவள் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீ எப்போதும் போல வியாழக்கிழமை வா. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அவர்கள் வீட்டுக்குப் போ. அவர்கள் போகச் சொன்னால் மட்டும் என்னிடம் வா.

உன் அப்பா